கொப்பியின் கடைசித் தாள்

கொழும்பு நகரின் தமிழ்ப் பாடசாலைகளில் காலை ஏழரை மணிக்கும் பிற்பகல் ஒன்றரை மணிக்கும் இடையில் நடைபெறும் கல்வி இருவகைப்படும். ஒன்று கரும்பலகையில் எழுதப்படுவது. மற்றொன்று கொப்பியின் கடைசித் தாளில் எழுதப்படுவது. முன்னதற்குப் பாடத்திட்டம் உண்டு, ஆசிரியர் உண்டு, பரீட்சை உண்டு. பின்னதற்கு இவை எவையும் இல்லை. எனினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படித்து வளர்ந்தவர்கள் முதலாவதிற் பெரும்பகுதியை மறந்துவிட்ட பின்னரும், இரண்டாவதில் ஒன்றையேனும் மறப்பதில்லை.

அந்தக் கடைசித் தாளில் என்ன இருக்கும்? இரண்டு நெடுங்கோடுகளும் இரண்டு குறுக்குக்கோடுகளும் இட்டு, ஒருவர் புள்ளடியும் ஒருவர் வட்டமும் போடும் ஒன்பது கட்டம் இருக்கும். புள்ளிகளை வரிசையாக இட்டுக் கோட்டினால் இணைத்துப் பெட்டி கட்டும் விளையாட்டு இருக்கும். பெயர், ஊர், மிருகம், பொருள் என நாலு நிரல் பிரித்து ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை விரைந்து எழுதும் போட்டி இருக்கும். எழுத்தெழுத்தாகச் சொல்லை ஊகிக்கும் தூக்குமர விளையாட்டு இருக்கும். புத்தகத்தை விரித்து ஓட்டம் சேர்த்த கிரிக்கெட்டின் கணக்கும் இருக்கும். தாளின் ஒரு மூலை கிழிந்திருந்தால், அது ராஜா, ராணி, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று துண்டெழுதிக் குலுக்கிப் போடுவதற்காகக் கிழிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

மைதானம் சிறியதாயும் மழை பெரியதாயும் உள்ள நகரத்தில் இவை தழைத்தது வியப்பன்று. கடலுக்கும் காலி வீதிக்கும் இடையே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையிலும், துறைமுகத்தை அடுத்து ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கும் கொட்டாஞ்சேனையிலும், ஒரு பேனையும் ஒரு தாளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் ஒரு மைதானம் உண்டாகிவிடும். இன்று அதே பிள்ளைகளின் கையில் தொலைபேசி இருக்கின்றது. கடைசித் தாளின் விளையாட்டுக்கள் அந்தத் திரைக்கு மாறும்போது எவை நிலைக்கின்றன, எவை கழிகின்றன என்பது ஆராயத்தக்கது.

தாளிலிருந்து இயந்திரத்துக்கு விளையாட்டை மாற்றும் முயற்சி புதிதன்று; அது கணினியின் இளமைப் பருவத்திலேயே தொடங்கியது. 1950ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரிலே நடந்த தேசியப் பொருட்காட்சியில், ஜோசப் கேற்ஸ் என்பவர் அமைத்த ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரமான இயந்திரம் ஒன்று, பார்வையாளருடன் புள்ளடி வட்டம் விளையாடியது. 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் என்னும் ஆய்வு மாணவர், எட்சாக் என்னும் கணினியில் அதே விளையாட்டை அமைத்தார். மனிதனும் கணினியும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்வது எவ்வாறு என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். விளையாடுபவர் தொலைபேசியின் சுழல்தட்டைச் சுழற்றித் தம் கட்டத்தின் எண்ணைத் தெரிவிப்பார். அகலத்தில் 35 புள்ளிகளும் உயரத்தில் 16 புள்ளிகளும் கொண்ட சிறு திரையில் புள்ளடியும் வட்டமும் தோன்றும். ஆகவே, பிள்ளைகளின் கொப்பியிலிருந்த விளையாட்டே கணினித் திரையில் முதன்முதல் ஏறிய விளையாட்டுக்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இதற்குக் காரணம் எளிது. ஒன்பது கட்டங்களில் ஆடப்படும் இவ்விளையாட்டு எல்லையுள்ளது. முதற் குறியிலிருந்து முடிவு வரையில் நிகழக்கூடிய ஆட்டங்கள் அனைத்தையும் எண்ணினால் 255,168 வரும். மனிதனுக்கு இது பெருந்தொகை; கணினிக்கோ ஒரு கணப்பொழுதின் வேலை. ஒவ்வொரு நிலையிலும் எந்தக் குறி வெற்றிக்கும் எந்தக் குறி தோல்விக்கும் இட்டுச்செல்லும் என்று முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், இயந்திரம் ஒருபோதும் தோற்காது. இருவரும் பிழையின்றி ஆடினால் முடிவு எப்போதும் சமநிலையே.

இங்கேதான் முதலாவது சிக்கல் தோன்றுகின்றது. தோற்காத எதிரியுடன் எந்தப் பிள்ளை விளையாடும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புள்ளடி வட்டம் இனிப்பது, எதிரேயிருக்கும் தோழனும் தன்னைப்போலவே சில வேளைகளிற் கவனம் தப்புவான் என்பதனாலன்றோ? இயந்திரத்திற்கு வெல்லக் கற்பிப்பது எளிது. அழகாகத் தோற்கக் கற்பிப்பதே அரிது. ரொறன்ரோவின் இயந்திரத்திலேயே அதன் திறமையைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைக்கப்பட்டிருந்தது. இன்று இத்தகைய விளையாட்டை அமைக்கும் எவரும் விடை காணவேண்டிய முதற் கேள்வி, இயந்திரம் எப்போது, எவ்வளவு, எவ்வாறு தவறவேண்டும் என்பதே.

இதற்கு ஓர் அழகிய விடையைப் பிரித்தானிய அறிஞர் டொனால்ட் மிக்கி 1961ஆம் ஆண்டளவில் காட்டினார். அவர் பயன்படுத்தியது கணினி அன்று, 304 தீப்பெட்டிகள். புள்ளடி வட்டத்தில் தோன்றக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே பல நிற மணிகள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கட்டத்தைக் குறிக்கும். உரிய பெட்டியைக் குலுக்கி, முன்னே வந்து நிற்கும் மணி எந்த நிறமோ அந்தக் கட்டத்திற் குறியிடவேண்டும். ஆட்டம் வெற்றியாயின் அந்நிற மணிகள் கூட்டப்படும், தோல்வியாயின் எடுக்கப்படும். தொடக்கத்தில் கண்டபடி ஆடிய பெட்டிகள், ஆட்டங்கள் பல கழிந்தபின் திறமையாக ஆடத் தொடங்கின. இன்று செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படுவதன் வித்துக்களுள் ஒன்று இத்தீப்பெட்டிகளில் இருந்தது. கொட்டாஞ்சேனையின் எந்த வகுப்பறையிலும் தீப்பெட்டிகளையும் மணிகளையும் சேர்த்து இதனைச் செய்துபார்க்கலாம், மின்சாரமும் வேண்டியதில்லை.

அடுத்தது பெட்டி கட்டும் விளையாட்டு. இதனை 1889இல் எழுத்தில் வடித்தவர் எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். வரிசைக்கு நான்கு புள்ளியாக நான்கு வரிசை இட்டால் வரையக்கூடிய கோடுகள் 24. கட்டக்கூடிய பெட்டிகள் 9. நான்காவது கோட்டை இட்டுப் பெட்டியை முடிப்பவர் தம் பெயரின் முதலெழுத்தை உள்ளே எழுதி, மீண்டும் ஒரு கோடு இடுவார். கணினி இதனை மிக எளிதாக நினைவிற் கொள்ளும்: ஒவ்வொரு கோடும் இடப்பட்டதா, இல்லையா என்னும் 24 விடைகளே அதற்குப் போதும். அவ்விடைகள் சேரக்கூடிய வகைகளோ 16,777,216.

இவ்விளையாட்டில் வகுப்பிலே கெட்டிக்காரர் எனப் பெயரெடுத்த பிள்ளைகள் அறிந்துவைத்திருக்கும் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு பெட்டியைத் திறந்தால் அதனைத் தொட்டு அடுத்ததும், அதற்கடுத்ததுமாகச் சங்கிலிபோல் விழும். ஆசையுள்ள பிள்ளை அனைத்தையும் பிடித்துவிடும். பிடித்தபின் வேறு வழியின்றி அடுத்த சங்கிலியைத் தானே எதிரிக்குத் திறந்துகொடுக்கும். பொறுமையுள்ள பிள்ளை கடைசி இரண்டு பெட்டிகளைப் பிடிக்காது, சங்கிலியின் முனையிலே ஒரு கோட்டை இட்டு அவ்விரண்டையும் எதிரிக்கு விட்டுவிடும். எதிரி அவ்விரண்டையும் ஒரே கோட்டினால் முடித்தபின் மீண்டும் கோடிடவேண்டியவராகி, அடுத்த நீண்ட சங்கிலியைத் திறந்துவிடுவார். இரண்டைக் கொடுத்துப் பலவற்றைப் பெறும் இந்த உபாயத்தின் கணிதத்தை எல்வின் பெர்லெகாம்ப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2000ஆம் ஆண்டு ஒரு நூலாகவே எழுதினார். நூலைப் படியாத பிள்ளைகளும் தோற்றுத் தோற்று இதனைக் கண்டடைகின்றனர். ஆதலின், திரையிலே இவ்விளையாட்டை அமைப்பவர் "இந்தக் கோட்டை இடு" என்று ஒளிகாட்டி உதவ முற்படுவது உதவியாகாது. பிள்ளையின் கண்டுபிடிப்பைக் களவாடுவதாகவே முடியும்.

இனிப் புத்தகக் கிரிக்கெட். 1996 மார்ச் 17ஆந் தேதி இலங்கை அணி லாகூரிலே உலகக் கிண்ணத்தை வென்றபின் இந்நாட்டில் எந்த வாங்கும் ஆடுகளம் ஆயிற்று. புத்தகத்தை விரித்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பர். இடப்பக்கம் பெரும்பாலும் இரட்டை எண் ஆதலால் 0, 2, 4, 6, 8 என்னும் ஐந்தில் ஒன்றே வரும். பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு. இரண்டும் நான்கும் ஆறும் ஓட்டங்கள். எட்டு வந்தால்? சில வகுப்புகளில் எட்டு ஓட்டம். சிலவற்றில் ஓர் ஓட்டம் மட்டுமே. வேறு சிலவற்றில் அது செல்லாத பந்து.

கணினிக்கு இதனைக் கற்பிக்க முயல்பவர் இவ்விடத்தில் நின்று யோசிக்கவேண்டும். ஐந்தில் ஒன்று ஆட்டமிழப்பு ஆதலால், சராசரியாக நான்கு முறை ஓட்டம் பெற்றபின் ஒருவர் ஆட்டமிழப்பார். எட்டை எட்டாகவே கொண்டால் ஓட்டமெடுக்கும் ஒரு பந்தின் சராசரி 5. ஒரு விக்கெட்டுக்கு 20 ஓட்டம். பத்து விக்கெட்டுக்கு 200. எட்டை ஒன்றாகக் கொண்டால் சராசரி 3.25, ஒரு விக்கெட்டுக்கு 13, பத்துக்கு 130. ஒரேயொரு விதி மாறியதால் எழுபது ஓட்டம் வேறுபடுகின்றது! தாளிலே இவ்விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் இருவர் பேசி உடன்படுவதே விதி. கணினியோ எழுதப்படாத விதியை அறியாது. எனவே அமைப்பவர் ஒரு வழக்கைத் தெரிந்தெடுத்து எழுதிவிடுகின்றார். அன்று முதல் ஆயிரம் வகுப்பறைகளின் ஆயிரம் வழக்குகளும் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. நல்ல அமைப்பாளர் இதனை உணர்ந்து, விதியைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பிள்ளைகளிடமே விட்டுவைப்பார்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பழைய புத்தகம் முதுகு நைந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் விரியும். அந்த இடம் எது என்பதை விரலினால் அறிந்துவைத்திருக்கும் கள்ளத்தனமும் விளையாட்டின் பகுதியே. அதனைக் கண்டுபிடித்து வேறு புத்தகம் கேட்கும் விழிப்பும் அதன் பகுதியே. கணினி தரும் எண்ணில் இந்தப் பக்கச்சார்பு இராது. நீதி கூடும்; வழக்காடுதல் குறையும். துண்டு குலுக்கும் விளையாட்டிலும் இதுவே நிலை. எவர் கள்ளன் என்பதைக் கணினி சிறிதும் கசியாமற் காத்துவைக்கும். ஆயினும், பொலிஸ் துண்டு கிடைத்த பிள்ளை கண்டுபிடிக்கவேண்டியது துண்டிலன்று. சிரிப்பை அடக்கும் உதட்டில், வேறெங்கோ பார்க்கும் கண்ணில். வெவ்வேறு வீடுகளிலிருந்து வலையமைப்பின் வழியாக ஆடும்போது அந்த முகங்கள் இல்லை. ஒரே தொலைபேசியை நால்வர் கைமாற்றி ஆடும்படி அமைத்தால் முகங்கள் மீண்டும் வந்துவிடும்.

இவையெல்லாவற்றினும் பெரிய சிக்கல் சொல் விளையாட்டிலேதான் எழுகின்றது. புள்ளடிக்கும் பெட்டிக்கும் மொழி வேண்டியதில்லை. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே அவற்றை ஆடலாம்; கொட்டாஞ்சேனையில் ஆடியும் வந்திருக்கின்றனர். ஆனால், எழுத்தெழுத்தாகச் சொல்லை ஊகிக்கும் விளையாட்டு மொழியின்றி இல்லை. 2021இல் ஜொஷ் வார்டில் என்பவர் வெளியிட்ட வேர்டில் என்னும் ஆங்கில விளையாட்டு, ஐந்தெழுத்துச் சொல்லொன்றை ஆறு முயற்சிகளில் ஊகிக்கச் செய்வது. சில மாதங்களுக்குள் அது உலகெங்கும் பரவியது. 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அதனை விலைக்கு வாங்கியது. அதன் உள்ளீடு பழைய கொப்பி விளையாட்டே.

இதனைத் தமிழில் அமைப்பது ஆங்கிலத்தில் அமைப்பது போன்றதன்று. தமிழெழுத்து 247. ஆனால் உலகப் பொதுக் குறியேற்றமாகிய யுனிகோட்டில் அவ்வளவுக்கும் தனித்தனி இடமில்லை. உயிரெழுத்துக்களும், அகரமேறிய மெய்களும், ஆய்தமும், புள்ளியும், உயிர்க்குறிகளுமே அங்கு வைக்கப்பட்டுள்ளன. ஏனையவை இவற்றின் சேர்க்கையால் ஆகும். "கொழும்பு" என்று எழுதினால் பிள்ளை எண்ணுவது கொ, ழு, ம், பு என நான்கெழுத்து. கணினி சேமித்து வைப்பதோ ககரம், ஒகரக்குறி, ழகரம், உகரக்குறி, மகரம், புள்ளி, பகரம், உகரக்குறி என எட்டு. "வெள்ளவத்தை" பிள்ளைக்கு ஆறு, கணினிக்குப் பத்து. "கொட்டாஞ்சேனை" பிள்ளைக்கு ஆறு, கணினிக்குப் பன்னிரண்டு. கவனமின்றி அமைக்கப்பட்ட விளையாட்டு, கொழும்பு என்னும் சொல்லுக்கு எட்டுக் கட்டம் வரைந்து நிற்கும். புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே ஊகிக்கச் சொல்லும். எழுத்தைச் சரியாகப் பிரித்தெண்ணும் வழிகள் இல்லாமல் இல்லை. ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு இப்பணியைச் செய்கின்றது. உயர்தர வகுப்பில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணவர் கற்கும் பைதன் மொழியிலேயே அதனைப் பயன்படுத்தலாம்.

எழுத்தை எண்ணியபின் சொல்லைத் தீர்மானிக்கவேண்டும். இதுவே கொழும்புப் பிள்ளைகளுக்கு மிக நெருங்கிய கேள்வி. பெயர், ஊர், மிருகம், பொருள் ஆடும்போது ககர வரிசையில் ஒரு பிள்ளை "கதிரை" என்று எழுதும். சகரத்தில் "சப்பாத்து", அகரத்தில் "அலுமாரி", வகரத்தில் "வாங்கு". போர்த்துக்கேயர் வழியாக வந்து நானூறு ஆண்டுகளாக இந்நாட்டுத் தமிழர் வாயில் வழங்கும் சொற்கள் இவை. தாளிலே இச்சொற்கள் செல்லுமா என்று தீர்ப்பவர் சுற்றியிருக்கும் தோழர். அவர்களும் அதே கதிரையில் இருப்பவர்கள். திரையிலே தீர்ப்பது சொற்பட்டியல். அப்பட்டியல் வேறொரு நாட்டின் வழக்கை மட்டும் வைத்துத் தொகுக்கப்பட்டிருந்தால், நாற்காலி செல்லும், கதிரை செல்லாது. அவ்வேளை தவறு பட்டியலினது என்று பிள்ளை எண்ணுமா? தன் வீட்டுச் சொல்லே தவறு என்றன்றோ எண்ணும்! ஒரு செந்நிறக் குறி பத்துமுறை தோன்றினால், ஒரு சொல் ஒரு வாயிலிருந்து விடைபெற்றுவிடும்.

இதனைத் தடுக்க வழி யாது? பட்டியலை உள்ளூரிலே தொகுப்பது ஒன்று. வகுப்பறைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் வழக்குச் சொற்களைத் திரட்டும் பணியை ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே செய்யலாம். அதனினும் எளிய வழி, பட்டியலில் இல்லாத சொல் வரும்போது "தவறு" என்று அறிவியாமல், "இச்சொல்லை ஏற்கின்றீர்களா?" என்று மற்ற ஆட்டக்காரரைக் கேட்கும்படி அமைப்பது. தாளிலிருந்த நீதிமன்றம் அப்போது திரைக்கும் வந்துவிடும்.

தாளும் திரையும் ஒன்றையொன்று வெல்லப் பிறந்தவை என்று கருதுவார்க்கு 2022 மார்ச் மாதம் ஒரு பாடம். அந்நியச் செலாவணி அற்றுப்போய்த் தாளும் மையும் தருவிக்க இயலாமையால், கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் அம்மாதம் பிற்போடப்பட்டன. கொப்பியின் விலை ஏறியது. கடைசித் தாளைக் கிழிக்கும் கை தயங்கியது. அதே மாதத்தின் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது, தொலைபேசிகளும் அணைந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடமும் விளையாட்டும் வீட்டின் ஒற்றைத் தொலைபேசிக்குள் ஒடுங்கின. அத்தொலைபேசி தந்தையோடு வேலைக்குச் சென்ற வீடுகளில் இரண்டும் இல்லாமற்போயின. தாளுக்கும் தட்டுப்பாடு வரலாம். திரைக்கும் தட்டுப்பாடு வரலாம். தட்டுப்பாடு வாராத பொருள் பிள்ளையின் நினைவிலுள்ள விதி ஒன்றே. புள்ளியைச் சுண்ணக்கட்டியால் நிலத்திலும் இடலாம். சொல்லை இருளிலும் ஊகிக்கலாம்.

ஆதலின், கடைசித் தாளின் விளையாட்டுக்களைத் திரைக்குக் கொண்டுவருவோர் கருதத்தக்கவை சில உண்டு. வலையமைப்பு இல்லாதபோதும் அவை இயங்கவேண்டும். ஒரு கருவியில் இருவரோ நால்வரோ அருகருகே இருந்து ஆட இடமளிக்கவேண்டும். இடைவேளைக்குள் முடியும் அளவிற் சிறியவையாதல் வேண்டும். பிள்ளையின் பெயரையும் வயதையும் இருப்பிடத்தையும் கேட்டுச் சேர்க்கலாகாது. கொப்பி எந்நாளும் அவற்றைக் கேட்டதில்லை. விதியை மாற்றும் உரிமை ஆடுபவர் கையில் இருக்கவேண்டும். எழுத்து தமிழெழுத்தாகவே எண்ணப்படவேண்டும். சொல் இந்நாட்டுச் சொல்லையும் ஏற்கவேண்டும்.

இவற்றை நிறைவேற்றத் தொலைதேசத்து நிறுவனம் ஒன்று வருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டி கட்டும் விளையாட்டின் விதியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் தோழனுக்குச் சொல்லிவிடும். அதே விதியைக் கணினிக்குச் சொல்ல உயர்தர மாணவருக்குச் சில மாலைப்பொழுதுகள் போதும். அவ்வாறு சொல்லும்போது, இதுவரை எவரும் எழுதிவையாத ஒன்றை அவர் முதன்முதலாக எழுதிவைக்கின்றார். எட்டுக்கு எத்தனை ஓட்டம் என்று தம் வகுப்பில் வழங்கிய வழக்கும், கதிரை என்னும் சொல்லும் அந்த எழுத்தில் இடம்பெறுமாயின், மணி அடித்தவுடன் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பக் கசக்கி எறியப்பட்ட எத்தனையோ கடைசித் தாள்கள் முற்றாக அழிந்துபோகவில்லை என்று கொள்ளலாம்.